விரல் படாத சைலன்சர்

அத்தியாயம் ஏழு

அழுகிற ஆளைப் பெரியவர் நம்புவதில்லை. அழாத ஆளை அதைவிட நம்புவதில்லை. அதனால் பட்டறைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தார்ப்பாயை இழுத்து வண்டியைக் காட்டியபோது, பெரியவர் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. வண்டியைத்தான் பார்த்தார். வண்டிக்கு நடிக்கத் தெரியாது.

ஊர் அவருக்கு வைத்த பெயர் சந்தேகப்பிராணி. காசு வாங்கிக்கொண்டு சந்தேகப்படுகிற ஆளைப் போலீசுக்கும் பிடிக்காது, சொந்தக்காரர்களுக்கும் பிடிக்காது. கூடவே வருகிறவள் அவருடைய தம்பி மகள். அவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்தவர்களும் அதே சொந்தக்காரர்கள்தான். முப்பது வயதைத் தாண்டியவள். கார் ஓட்டுவாள், பெரியப்பாவுக்குப் புரியாத காகிதத்தைப் படித்துச் சொல்வாள், யாரும் கேட்காத இடத்தில் கருத்தும் சொல்வாள்.

விஷயம் இதுதான். பட்டறைக்காரர் பந்தய மோட்டார் சைக்கிளுக்குக் கையாலேயே சைலன்சர் செய்கிறவர். பட்டறையில் அதைப் பைப் என்றுதான் சொல்வார்கள். கம்பெனி மாட்டி அனுப்பிய கனத்த பைப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இவர் செய்ததை மாட்டினால் வண்டி லேசாகும், இன்ஜின் தாராளமாக மூச்சு விடும். ஆனால் மாட்டிவிட்டால் மட்டும் ஆகாது. இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும், எந்த நேரத்தில் பொறி தட்ட வேண்டும் என்கிற கணக்கு வண்டிக்குள் ஒரு சின்னப் பெட்டியில் இருக்கிறது. அந்தக் கணக்குக்கு மேப் என்று பெயர். பைப்பை மாற்றினால் மேப்பையும் மாற்றியே தீர வேண்டும். பைப் செய்கிறவர் பட்டறைக்காரர். மேப் போடுகிறவர் அவருடைய மைத்துனர், மனைவியின் தம்பி. ஓட்டுகிறவள் மகள். மூன்று பேர் நம்பிக்கையில் ஒரு வண்டி. பெரியவருக்கு அது கேட்டவுடனேயே பிடிக்கவில்லை.

போன வாரம் பயிற்சி ஓட்டத்தில் பல சுற்று நன்றாக ஓட்டிய பிறகு மகள் நேர்ப்பாதையில் ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்கியபோது பிஸ்டன் உருகிவிட்டது. பின்சக்கரம் கட்டிப்போட்ட மாதிரி இறுகி, வண்டி அவளைத் தூக்கி எறிந்தது. தோள்பட்டை எலும்பு இரண்டாகப் போனது. பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா. அப்பன் செய்த பைப்புதான் பெண்ணைத் தள்ளிவிட்டது என்று அன்றைக்கே பேச்சுக் கிளம்பிவிட்டது.

பட்டறைக்காரர் வேறு சொன்னார். கொஞ்ச நாள் முன்னால் வேலையை விட்டு நிறுத்திய ஒரு மெக்கானிக் இருக்கிறான், கைக்கறை என்று கூப்பிடுவார்கள், போகும்போது மாற்றுச் சாவியைத் திருப்பித் தரவில்லை, அவன்தான் யாரும் இல்லாதபோது உள்ளே வந்து எதையோ கெடுத்து வைத்திருக்கிறான் என்றார். சாயங்காலம் போலீசில் எழுதிக் கொடுக்கப் போகிறாராம். அதற்குள் ஒரு ஆதாரம் வேண்டுமாம்.

பேசிக்கொண்டே வந்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"அவன் ஜெயிலுக்குப் போறதுல எனக்கு என்னண்ணே லாபம். என் கையால செஞ்ச பைப் என் பொண்ணைத் தள்ளுச்சா இல்லையா, அதைச் சொல்லுங்க. எனக்குச் சாப்பாடு இறங்கல."

வாயாடி எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். பெரியவர் ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டாள்.

வண்டி விழுந்தது மறுபக்கம். பைப் இருந்த பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. பெரியவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தி, இன்ஜினிலிருந்து பைப் கிளம்புகிற வாயைப் பார்த்தார். இதைக் கடைசியாக எப்போது கழற்றி மாட்டினாய் என்று கேட்டார். இரண்டு மாதம் இருக்கும், அதற்கப்புறம் கை வைக்கவே இல்லை என்று பதில் வந்தது. கழற்று என்றார்.

இன்ஜினும் பைப்பும் சேருகிற இடத்தில் காற்றுக் கசியாமல் ஒரு செம்பு வளையம் வைப்பார்கள். முறுக்கும்போது அது நசுங்கி உட்காரும். சூடு ஏற ஏறத் தட்டையாகிக் கறுத்துப் போகும். ஒரு தடவை நசுங்கினால் அதோடு சரி. பைப்பைத் திரும்பக் கழற்றினால் புதுசுதான் போட வேண்டும். பட்டறைக்காரர் பைப்பை இழுத்ததும் வளையம் அவர் உள்ளங்கையில் விழுந்தது. இரண்டு மாதம் வெந்த வளையம் மாதிரி அது இல்லை. ஓரமெல்லாம் இன்னும் சிவப்பாக இருந்தது.

"ரெண்டு மாசத்துப் பிள்ளையா இது? நேத்துத்தான் பொறந்த மாதிரி இருக்கே," என்றாள் வாயாடி.

பட்டறைக்காரர் ஆயில் டின் மேல் உட்கார்ந்துவிட்டார். இது நான் போட்டது இல்லை என்றார். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தும் விட்டார். பார்த்தீர்களா, அவன்தான் கழற்றியிருக்கிறான், இதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்று போலீசுக்குப் போகச் சட்டையைத் தேடினார். பழி ஒரு இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் மனுஷனுக்கு எவ்வளவு நிம்மதி என்று பெரியவர் நினைத்துக்கொண்டார்.

"அவனுக்கு ஏன் கைக்கறைன்னு பேரு?"

பட்டறைக்காரர் பொறுமை இல்லாமல் சொன்னார். பைப்பைக் கையால் தொட்டால் விரலில் இருக்கிற எண்ணெய்ப் பசை அதில் ஒட்டும். துணியில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும். துடைக்காமல் கிளப்பினால் அந்தச் சூட்டில் விரல் தடம் அப்படியே வெந்து பைப்பில் பதிந்துவிடும். அப்புறம் தேய்த்தாலும் போகாது. அவன் துடைக்கவே மாட்டான். எத்தனை தடவை சொன்னாலும் காதில் வாங்க மாட்டான். வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வந்தார்கள். அதனால்தான் நிறுத்தினது.

மூலையில் ஒரு வாடிக்கையாளர் வண்டி நின்றது. அதன் பைப்பில் ஒரு கை முழுசாகப் பதிந்திருந்தது. கட்டைவிரல் ரேகைகூடப் பழுப்பாகத் தெரிந்தது. கைக்கறை போட்ட கையெழுத்து அது. பெரியவர் அதைப் பார்த்தார். திரும்பி வந்து மகளுடைய வண்டிப் பைப்பை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மஞ்சள், ஊதா, நீலம் என்று சூட்டு நிறம் சீராக ஓடியிருந்தது. ஒரு விரல் இல்லை. ஒரு நகம்கூட இல்லை.

ஒருவேளை இந்தத் தடவை துடைத்திருப்பான் என்று பட்டறைக்காரர் இழுத்தார்.

"சம்பளம் குடுத்துத் துடைக்கச் சொன்னப்போ துடைக்காதவன், திருட்டுத்தனமா வந்தப்போ துடைச்சானாக்கும்," என்றார் பெரியவர்.

வாயாடி விரல் விட்டு எண்ணினாள். "புது வளையம் போட்டிருக்கு. ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிருக்கு. நட்டெல்லாம் அளவா முறுக்கியிருக்கு. இது கெடுக்க வந்த ஆள் இல்ல பெரியப்பா. சர்வீஸ் பண்ண வந்த ஆள்."

பெரியவர் சிரிக்கவில்லை. இந்தப் பட்டறையில் இவ்வளவு ஒழுங்காகப் பைப் மாட்டத் தெரிந்தவர்கள் யார் யார் என்று கேட்டார். பட்டறைக்காரர் தன்னைச் சொன்னார். மைத்துனரைச் சொன்னார். மூன்றாவது பெயருக்கு வாய் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். என் வீட்டை இதில் இழுக்காதீர்கள் என்றார்.

"நான் இழுக்கல. உன் கையில இருக்கிற வளையம் இழுக்குது."

பட்டறையின் பின்பக்கம் ஒரு கண்ணாடி அறை. அதன் முன்னால் தரையில் இரண்டு பெரிய உருளைகள். வண்டியை அதன்மேல் நிறுத்தி நின்ற இடத்திலேயே ஓட விட்டு, எவ்வளவு இழுக்கிறது என்று திரையில் பார்ப்பார்கள். பார்த்துப் பார்த்து மேப்பைத் திருத்துவார்கள். மைத்துனர் உள்ளே இருந்தார். பட்டறையில் இருக்கிற ஆளுக்குச் சட்டையில் ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார், நல்ல மரியாதை, நல்ல பேச்சு. பெரியவர் நின்றுகொண்டே இருந்தார். நன்றாகப் பேசுகிறவர்கள் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து அவர் நிறைய இழந்திருக்கிறார்.

அக்கா மகளுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று மைத்துனர் வருத்தப்பட்டார். விபத்துக்கு அப்புறம் பெட்டியைத் திறந்து பார்த்தேன், யாரோ மேப்பைக் கெடுத்திருக்கிறார்கள் என்றார். கைக்கறைக்கு மேப் தெரியுமா என்று கேட்டதற்கு, கெடுக்க என்ன தெரிய வேண்டும் என்றார். அது நியாயமான பேச்சு. பெரியவருக்கு நியாயமான பேச்சு என்றாலும் அலர்ஜி.

விழுவதற்கு முன்னால் அந்தப் பெண் பல சுற்று ஓட்டியிருக்கிறாள், இருமல் இல்லாமல் திணறல் இல்லாமல் வண்டி ஓடியிருக்கிறது, கெட்டுப்போன மேப் அப்படி ஓடுமா என்று கேட்டார். பெட்ரோலை மட்டும் குறைத்திருக்கிறார்கள், முழுசாக முறுக்கும்போதுதான் அது தெரியும், பெட்ரோல் போதாமல் இன்ஜின் தாங்காத சூடாகிவிடும் என்றார் மைத்துனர். கண்டபடிக் குறைத்திருக்கிறார்களா என்று பெரியவர் கேட்டார். இல்லை, எல்லா இடத்திலும் சீராக, அளவாக என்று மைத்துனர் சொன்னார்.

"அளவா," என்றார் பெரியவர். "எனக்குப் படிப்பு இல்லப்பா, கேட்டுத் தெரிஞ்சுக்கிறேன். அவ்வளவு அளவா பெட்ரோல் குறைஞ்ச மேப், எந்த மாதிரிப் பைப்புக்குச் சரியா இருக்கும்?"

"இதைவிட மூச்சு கம்மியா விடற பைப்புக்கு. காத்து கம்மியா உள்ள போகும், பெட்ரோலும் கம்மியா..."

பாதியில் நின்றது. தொழில் தெரிந்த வாய், தொழிலைப் பற்றிக் கேட்டதும் மூளையைக் கேட்காமல் பேசிவிட்டது.

"பரவால்ல, முடிங்க," என்றாள் வாயாடி. "எங்க பெரியப்பா அரைப் பதிலுக்குக் கால்வாசிக் காசுதான் தருவாரு."

அது கெட்டுப்போன மேப் இல்லை. வேறு ஒரு பைப்புக்காக உட்கார்ந்து நன்றாகவே போட்ட மேப். போடக்கூடிய ஆள் எதிரில் நின்றார். எந்தப் பைப் என்று பெரியவர் கேட்கவே இல்லை. மைத்துனரே கொட்டினார். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற போட்டிக் கடையின் பைப். நான் இல்லை, அக்கா மகள்தான் அதை மாட்டிப் பார்க்க வேண்டும் என்று நச்சரித்தாள், அவள் கேட்டாள், நான் மேப் போட்டுக் கொடுத்தேன், வேறு ஒன்றும் எனக்குத் தெரியாது என்றார். தாய்மாமன் என்கிறவர் பெண்ணுக்கு ஒன்று என்றால் முன்னால் போய் நிற்க வேண்டியவர். இவர் பெண்ணை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நின்றார்.

கதவருகே சத்தம் கேட்டுத் திரும்பினார்கள். பட்டறைக்காரர் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. திரும்பி மாடிப்படி ஏறினார்.

மாடியில்தான் வீடு. அம்மா மருந்து வாங்கப் போயிருந்தாள். மகள் தலையணைகளில் சாய்ந்து, ஒரு கையைத் துணியால் தொட்டில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பாவுக்குப் பின்னால் மாமாவும், அவர்களுக்குப் பின்னால் தெரியாத இரண்டு பேரும் வருவதைப் பார்த்தாள். யாரும் எதுவும் சொல்லும் முன்பே அவள் முகம் சொல்லிவிட்டது.

பட்டறைக்காரர் செம்பு வளையத்தை மெத்தைமேல் வைத்தார். அவ்வளவுதான் கேள்வி.

அவள் மறைக்கவில்லை. இந்த வருஷம் முழுக்க வண்டி அப்பா பைப்பில் இழுக்கவே இல்லை, எத்தனை தடவை சொன்னாலும் அப்பா கேட்கவில்லை, என் பைப்பில் குறை இல்லை என்றே சொன்னார். போட்டிக் கடைக்காரர் ஒரு பைப்பைக் கொடுத்துப் போட்டுப் பார் என்றார். மாமாதான் பேசி வைத்தார். அப்பா வராத நாட்களில் அதை மாட்டி ஓட்டினேன். முதல் சுற்றிலேயே வித்தியாசம் தெரிந்தது. அடுத்த பந்தயத்திலிருந்து அவர்களுக்கு ஓட்டுவதாகச் சொல்லிவிட்டேன். இதையெல்லாம் போர்வையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அப்புறம் எதுக்குத் திரும்ப என்னோடத மாட்டின?"

"நீங்க அன்னைக்குப் பாக்க வரேன்னு சொன்னீங்கப்பா."

வாயாடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காலையில் அவசர அவசரமாகப் போட்டிப் பைப்பைக் கழற்றி அப்பாவுடையதை மாட்டியிருக்கிறாள். அப்பா பார்த்தால் முகம் சுளிப்பாரே என்று புது வளையம் போட்டு, ஸ்பிரிட்டால் துடைத்து, எல்லாம் அவர் கற்றுக்கொடுத்தபடியே செய்திருக்கிறாள். மேப்பை மாமா மாற்றிவிடுவார் என்று அவள் நினைத்தாள். ஏற்கெனவே போட்டு வைத்த மேப்பை அவளே பெட்டியில் ஏற்றிக்கொள்வாள் என்று மாமா நினைத்தார். ஒளித்துச் செய்கிற வேலையில் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ள முடிவதில்லை. அப்பன் பைப்பில் அடுத்தவன் பைப்பின் மேப்போடு பாதையில் இறங்கிவிட்டாள்.

பட்டறைக்காரர் தலையை ஆட்டினார். அவன் பைப்பு வேகம்தான் இல்லையா என்று மகளிடம் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, வேலைக்காரன் வேலைக்காரனைக் கேட்கிற மாதிரி கேட்டார். அவள் ஆமாம் என்றாள். அவர் இன்னொரு முறை தலையை ஆட்டினார். அந்த ஆட்டலில் ஆள் கொஞ்சம் குள்ளமாகிவிட்ட மாதிரி பெரியவருக்குப் பட்டது.

பெரியவர் இந்த இடத்தில் கிளம்பிப் போயிருக்கலாம். கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, காசும் வந்துவிடும். ஆனால் அவருக்கு ஒன்று உறுத்தியது. உறுத்தினால் அவருக்கு நாக்கு நிற்காது.

"பொண்ணு, நீ சொல்றது தப்பு," என்றார். "உங்க மாமா இப்பதான் எனக்குப் பாடம் எடுத்தாரு. மூச்சு கம்மியா விடற பைப்புக்குப் பெட்ரோல் கம்மியாப் போதும். அவன் பைப்புக்குப் போட்ட மேப் உங்க அப்பா பைப்புக்குப் பத்தல. பத்தாமத்தான் உருகுச்சு. அவன் பைப்பு நல்ல பைப்பா இருந்திருந்தா அந்த மேப்புல பெட்ரோல் கூடத்தான் இருந்திருக்கும். வண்டி கரும்புகை விட்டு இருமியிருக்கும், உருகியிருக்காது. உருகுச்சுன்னாலே, ரெண்டுல நல்லா மூச்சு விடறது உங்க அப்பா செஞ்சதுதான்."

அவள் நிமிர்ந்தாள். அப்படியென்றால் ஏன் இழுக்கவில்லை என்று கேட்டாள். வருஷம் முழுக்க ஏன் இழுக்கவில்லை.

"பைப்பு ரெண்டு பேர் செஞ்சது. ரெண்டுக்கும் மேப் போட்டது ஒருத்தர்தான்."

எல்லாரும் மைத்துனரைப் பார்த்தார்கள். அவர் சுவரைப் பார்த்தார். மறுத்திருந்தால்கூடக் கொஞ்ச நேரம் ஓடியிருக்கும். மறுக்கவில்லை, சுவரைப் பார்த்தபடியே சொல்லிவிட்டார். அப்பா பைப்புக்குப் போடும்போது பொறியைத் தாமதமாகத் தட்டவிட்டு இன்ஜின் குரல்வளையைப் பிடித்து வைத்திருக்கிறார். வண்டி கெடாது, யாருக்கும் தெரியாது, வேகம் மட்டும் வராது. பெண் சலித்துப்போய்ப் பாலத்தைத் தாண்டி வந்தால் அங்கே இவருக்கு ஒரு கடை, பெயர்ப்பலகையில் இவர் பெயர். போட்டிக் கடைக்காரரோடு அப்படிப் பேச்சாம்.

"எல்லாரும் பைப்பைத்தான் புகழ்ந்தாங்க," என்றார் மைத்துனர். "மேப் போட்டது யாருன்னு இத்தனை வருஷத்துல ஒருத்தன் கேக்கல. நீங்களும் சொன்னதில்ல அத்தான்."

மகள்தான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"வண்டி இழுக்கலைன்னு நான் அப்பாவைப் பேசாத பேச்செல்லாம் பேசினேன். உங்களுக்குக் கை நடுங்குது, கண்ணு தெரியலன்னுகூடச் சொன்னேன். அப்ப நீங்க பக்கத்துலதான நின்னீங்க, மாமா."

பட்டறைக்காரர் கையால் வாசலைக் காட்டினார். மைத்துனர் படியிறங்கிப் போகிற சத்தம் கடைசிப் படிவரை கேட்டது.

அதற்கப்புறம் போலீசைப் பற்றியும் கைக்கறையைப் பற்றியும் அந்த அறையில் பேச்சு எழவில்லை. வாயாடி பெரியப்பாவின் முழங்கையைத் தொட்டாள், போகலாம் என்கிற மாதிரி. எந்த வழக்கு முடிந்தாலும் அவளிடம் ஒரு கிண்டல் மிச்சம் இருக்கும். இன்றைக்கு இல்லை. பெரியவருக்கும் போக வேண்டும்தான். ஆனால் ஒரு ஆள் கேட்டதைக் கையில் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போவது சரியில்லை என்று தோன்றியது. முதல் தடவையாக நிமிர்ந்து பட்டறைக்காரரின் முகத்தைப் பார்த்தார்.

"உன் பைப் மேல தப்பு இல்லப்பா," என்றார்.

"தெரியுதுண்ணே." பட்டறைக்காரர் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "பைப்புல இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும். அறுத்து மறுபடி ஒட்டியிருப்பேன்."

மகள் அப்பா என்று கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. கட்டிலருகே இருந்த ஸ்டூலை, தண்ணீர் டம்ளரோடு சேர்த்து, அவளுடைய நல்ல கை எட்டுகிற பக்கத்துக்குத் தள்ளி வைத்தார். தண்ணீர் சிந்தாமல் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலேயே கீழே இறங்கிப் போனார்.